தனியா போட்ட தண்ணி

வியாழக்கிழமை மத்தியானம் செலின் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் ஒரு சத்தம் நின்றுபோயிற்று. வருகிற சத்தத்தை யாரும் கவனித்துவிடுவார்கள். நின்றுபோன சத்தத்தைக் கவனிக்க வேண்டுமென்றால் கோழி வளர்த்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக அந்தக் கொட்டகையிலிருந்து ஒரு முணுமுணுப்பு ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. இப்போது இல்லை. செலின் சோப்புத்தூள் அப்பிய கையோடு ஓடினாள்.

கோழிகள் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இறக்கையை உடம்போடு ஒட்டாமல் தூக்கி வைத்துக்கொண்டு, தொண்டை மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ள, ஒன்றையொன்று முட்டி நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. இருப்பதிலேயே பெரியது, தீவனத் தட்டில் மற்றதையெல்லாம் அதட்டித் தள்ளுவதால் 'மேஸ்திரி' என்று பேர் வாங்கியது, உமியின் மேல் காலை நீட்டிக் கிடந்தது.

"கஸ்தூரிக்கா!"

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் கஸ்தூரி, கூப்பிட்ட குரல் காற்றில் அடங்குவதற்குள் வந்துவிடுகிறவள். சுவரை ஒட்டி ஒரு செங்கல்லைப் போட்டே வைத்திருந்தாள். அதில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மே? ஐயய்ய, இன்னாத்துக்கு எல்லாம் வாயத் தொறந்துகினு நிக்கிதுங்க?"

"தெரிலக்கா. காத்தால நல்லாத்தான் தீனி தின்னுச்சு. இப்ப மேஸ்திரி செத்துக் கீது."

'கீது' என்று செலின் வாயில் வந்ததென்றால் விஷயம் முற்றிவிட்டது என்று கஸ்தூரிக்குத் தெரியும். செலின் அம்பத்தூரில் லேத்துப் பட்டறைக்காரர் மகளாகப் பிறந்து 'கீது' சொல்லியே வளர்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தச் சொல்லை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். பயம் வந்தால் மட்டும் தானாக வெளியே வந்துவிடும்.

"சீக்கு வந்துட்ச்சிம்மே," என்றாள் கஸ்தூரி. "எங்க திருமழிசைல இப்டித்தான். ஒரு ஊட்டுல ஒண்ணு சாஞ்சா, அப்பால தெருவே காலி."

"வாய வெக்காதக்கா. ஞாயித்துக்கிழமைக்கு நா இன்னா பண்ணுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை செலினின் மகள் ஹில்டாவுக்குப் புதுநன்மை, சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். பூசை முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுக்குத்தான் இந்தக் கோழிகள். ஆனால் சாப்பாட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அது அவள் புருஷன் ஜேசுராஜின் அண்ணன் பாஸ்கல்.

ஜேசுராஜ் வடக்கன்குளத்துக்காரர். ஆவடி பாக்டரியில் வேலைக்கு வந்து, அம்பத்தூர்க் கோயிலில் செலினைப் பார்த்து, 'கட்டினால் இவளைத்தான்' என்று நின்றவர். ஊரில் பெண் பார்த்து வைத்திருந்த அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் பெரிய மனுஷர், கல்யாணத்துக்கு வந்தார், மாலை எடுத்துக் கொடுத்தார். மணப்பெண் யாரிடமோ "காபி எங்க கீது?" என்று கேட்டது காதில் விழுந்ததும் முகத்தைச் சுளித்தார். பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல், மத்தியான ரயிலைப் பிடித்தார். பத்து வருஷம் ஆயிற்று. இவர்கள் ஊருக்குப் போனால் நன்றாகத்தான் பேசுவார். இவர்கள் வீட்டு வாசற்படி மட்டும் மிதித்ததில்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது ஹில்டா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "பெரியப்பா, என் புதுநன்மைக்கு வருவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டது. பெரியவர்கள் கேட்கத் தயங்கின கேள்வி. அவரும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கூடவே, வீட்டில் வளர்த்த கோழியைத் தின்றபடி, "பட்டணத்துல என்ன உண்டு, எல்லாம் கடைச்சரக்குதான்" என்று ஒரு வார்த்தையும் சொன்னார். செலின் அந்த வார்த்தையைப் பொட்டலம் கட்டி ஆவடிக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பங்குனியிலேயே உத்தமன், அதாவது கஸ்தூரியின் புருஷன், திருமழிசைப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து பிராய்லர் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்துச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். ஜேசுராஜ் பேக்கிங் கட்டைகளை அடித்துக் கொட்டகை போட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். செலின் பல்பு போட்டுச் சூடு காட்டினாள், உமி மாற்றினாள், குஞ்சு தும்மினால் எழுந்து பார்த்தாள். தன் கையால் வளர்த்து, தன் கையால் சமைத்து, அந்த மனுஷரைக் கை நனைக்க வைக்க வேண்டும். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. இது நடக்காவிட்டால் இனி எப்போதுமே நடக்காது என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

ஜேசுராஜ் சாயங்காலம் வந்தபோது இரண்டாவது கோழியும் போயிருந்தது. குனிந்து பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குக் கோழியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்த பிறகுதான்.

"எதுக்கு இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கெ? நாளைக்கு அரை நாள் லீவு போட்டுட்டு, பூந்தமல்லி மாட்டாஸ்பத்திரிக்கு இதைக் கொண்டுபோய்க் காமிச்சிட்டு வாரேன்."

"கோழியத் தூக்கினு மாட்டாஸ்பத்திரிக்கா?"

"மாட்டுக்குப் பாக்குதவன் கோழிக்குப் பாக்க மாட்டானாட்டி? சும்மா கெட."

"உங்க அண்ணன் வர்றப்ப சீக்குன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. சொல்லிட்டேன். சீக்குக் கோழியப் போட்டாங்கன்னு ஆயிடுச்சுன்னா, கல்யாணத்தன்னைக்கு மாதிரியே எழுந்து போயிடுவாரு."

"அண்ணன்ட்ட நான் வாயே தொறக்க மாட்டேன்."

"நீங்க தொறக்க மாட்டீங்க. கஸ்தூரிக்கா?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நா ஏம்மே சொல்லப் போறேன்?" என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஜேசுராஜ் செத்த கோழியை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினார். பஸ்ஸில் யாரோ பையைப் பார்த்து, "இன்னா சார், கறியா?" என்று கேட்க, "ஆமா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். காலையில் கோழிகள் ஏறக்குறைய சாதாரணமாகத்தான் இருந்தன. செலினுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் வெயில் ஏற ஏற மறுபடியும் ஒவ்வொன்றாக வாயைப் பிளக்க ஆரம்பித்தன. அது எண்பத்தெட்டாம் வருஷத்துக் கத்திரி. குழாயில் வருகிற தண்ணீரே காபி போடலாம் என்கிற பதத்தில் வந்தது. தூரத்தில் அண்ணனூர் ஷெட்டுக்குப் போகிற மின்சார ரயிலின் ஹாரன்கூட அன்றைக்குச் சலிப்போடு ஊதியது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உத்தமன் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் நுழையாமல் நேராகப் பின்பக்கம் வந்து மணியடித்தான்.

"செலினு! ஜேசு பாக்டரி கேட்டாண்ட பார்த்தாரு. டாக்டரு சொல்லிட்டாராம். பயப்பட ஒண்ணியும் இல்லியாம்."

"இன்னா சீக்காம்ண்ணா?"

"அத்தெல்லாம் சொல்ல அவருக்கு ஏது டைமு? சங்கு ஊதிட்ச்சி, உள்ள ஓடிக்கினே சொன்னாரு. நல்லா கேட்டுக்கோ. வாயப் பொளக்குற கோழிக்கெல்லாம் தனியா போட்டு தண்ணி குடுக்கணுமாம். நெறைய குடுக்கணுமாம். ஒடனே."

"தனியாவா?"

"தனியாதான். ரெண்டு தபா சொன்னாரு."

செலின் கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரிக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"கரீக்ட்டும்மே. தனியா குளிர்ச்சி. உடம்பு சூடு புடிச்சா நாம இன்னா குடிக்கிறோம்? தனியா தண்ணிதான? மாடு பாக்குற டாக்டரா இருந்தாலும் வெவரமானவருதான்."

"வறுத்துப் போடறதா, பச்சையாவா?"

இரண்டு பேரும் உத்தமனைப் பார்த்தார்கள். அவன் யோசித்தான். "போட்டுன்னுதான் சொன்னாரு. வறுத்துன்னு சொல்லல. நா ஏதாச்சும் சேத்துச் சொன்னா அப்பால என்னத் திட்டாதீங்க."

வீட்டில் தனியா இருந்தது. அரைக் கிலோ. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கென்று நல்ல உருட்டாகப் பார்த்து வாங்கி, கல் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, வறுத்து அரைக்கத் தயாராக டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். டப்பாவைத் திறந்துவிட்டு ஒரு கணம் நின்றாள். குழம்புக்கு வைத்ததைக் கோழிக்குப் போட்டால் குழம்புக்கு என்ன செய்வது? கோழியே இல்லாவிட்டால் குழம்பு எதற்கு? அப்படியே உரலில் கவிழ்த்து ஒன்றிரண்டாக இடித்துவிட்டாள்.

பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. தனியா வாசனை குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் போயிற்று. அந்த வெயிலில் அடுப்பெரித்ததில் செலினும் கோழி மாதிரி வாயைப் பிளந்தாள். அதை ஆற்றுவது ஒரு தனி வேலையாகப் போயிற்று. கஸ்தூரி வீட்டுக் குடம், செலின் வீட்டுக் குடம், ஈரக் கோணி சுற்றிய வாளி என்று மாற்றி மாற்றி ஊற்றி, கடைசியில் கை வைத்தால் ஜில்லென்று இருக்கிற பதத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

தட்டில் ஊற்றிவைத்தால் தெம்பு உள்ளது தள்ளிக் குடிக்கிறது, தெம்பில்லாதது மிதிபடுகிறது. கஸ்தூரி உள்ளே போய்த் தன் பிள்ளைகளுக்குப் பால் புகட்டின பாலாடையை எடுத்துவந்தாள்.

"நீ புடி, நா ஊத்தறேன். மூக்குல ஏத்திடாத மாதிரி தலைய நிமித்திப் புடி. ஆங், அப்டித்தான். குடி ராஜா, குடி."

ஏழெட்டுக் கோழிக்கு ஊற்றின பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. எல்லாம் வெள்ளை. எது குடித்தது, எது குடிக்காதது?

"இரு, குங்குமம் எடுத்தாரேன்," என்றாள் கஸ்தூரி. "குடிச்சதுக்கு நெத்தில ஒரு பொட்டு வெச்சுடலாம்."

"நல்லாருக்கே! புதுநன்மைக் கோழிக்குக் குங்குமமா? சாமியார் வந்து பார்த்தா பாவசங்கீர்த்தனத்துல என்னை எத்தினி ஜெபம் சொல்ல வெப்பாரு தெரியுமா?"

"அப்ப குடிச்சதெல்லாம் எங்க பாத்ரூமுக்கு அனுப்பு. குடிக்காதது இங்கியே இருக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். கஸ்தூரி வீட்டுக் குளியலறை நிறைந்ததும் துவைக்கிற கல் பக்கம், அதுவும் போதாமல் செலின் வீட்டுப் பின்தாழ்வாரம் என்று, நனைந்த சிமெண்டுத் தரையில் நாலைந்து நாலைந்தாகக் கோழிகள் குடியேறின. எல்லாம் முடிந்தபோது இரண்டு பேரின் புடவையும் தனியாத் தண்ணீரில் நனைந்து மணத்தது. கஸ்தூரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மிச்சமிருந்ததில் ஒரு டம்ளர் மொண்டு தானும் குடித்தாள்.

சாயங்காலம் ஜேசுராஜ் வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனார். பாதி காலியாகக் கிடந்தது. கஸ்தூரி வீட்டுக் குளியலறை, துவைக்கிற கல், தாழ்வாரம் என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு முகம் மலர்ந்து வந்தார்.

"பரவால்லியே. சொன்ன மாதிரியே தனியாப் போட்டிருக்கெ. எல்லாத்தையும் போட்டியா?"

"எல்லாத்தையும்தான் போட்டேன். ஒரு பிடி மிச்சம் வெக்கல."

"பிடியா?"

"அரைக் கிலோ மொத்தமும். வறுக்கறதுக்கு வெச்சிருந்தேன் இல்ல?"

ஜேசுராஜ் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழமதான சமையல்? கோழிய எதுக்குட்டி இன்னைக்கே தனியா வறுத்தெ?"

"கோழிய யாரு வறுத்தா? தனியாவ வறுக்கவே இல்ல. இடிச்சுதான் போட்டேன்."

"கோழியவா இடிச்செ?"

செலினுக்கு ஆத்திரம் வந்தது. அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அண்டா முன்னால் நிறுத்தினாள். அவர் குனிந்து மோந்து பார்த்தார். அடியில் தங்கியிருந்த சக்கையை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது மல்லில்லா?"

"மல்லி இல்ல, தனியா."

"மல்லியத்தான் நீங்க தனியாம்பியளா?"

"பத்து வருசமா அதைப் போட்டுத்தான கொழம்பு வெக்கிறேன்?"

"எனக்கென்னட்டி தெரியும்? நான் மல்லின்னுதான் நெனச்சுத் தின்னுட்டு இருக்கேன்."

சீனிக்கும் சர்க்கரைக்கும், சாரத்துக்கும் லுங்கிக்கும் அவர்கள் வீட்டில் எப்போதோ சமாதானம் ஆகியிருந்தது. இந்த ஒரு சொல் மட்டும் பத்து வருஷமாக டப்பாவுக்குள்ளேயே பதுங்கி இருந்திருக்கிறது.

ஜேசுராஜ் சுவர்ப்பக்கம் திரும்பினார். "உத்தமன்! நான் என்ன சொல்லிவிட்டேன்? தனியாப் போட்டு, கூட்டமா வைக்காம, தண்ணி குடுக்கணும்னு டாக்டர் சொன்னதச் சொன்னேன்லா?"

உத்தமன் செங்கல்லில் ஏறித் தலையைக் காட்டினான். "நா இன்னா மாத்தியா சொன்னேன்? தனியா போட்டு தண்ணி குடுன்னேன். ஒரு எழுத்து வுடல நைனா."

ஒரு எழுத்தை விட்டிருந்தான். பாக்டரி கேட்டுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் எங்கோ அந்த ஒற்றை 'ப்' சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டது.

"பூந்தமல்லி டாக்டர் மல்லி போடச் சொன்னாருன்னா நெனச்சிய, எல்லாரும் சேந்து?"

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் செலினின் முகம் வெளுத்துப்போயிற்று. "அப்ப வேற மருந்தா சொன்னாரு? நா தப்பா குடுத்துட்டேனா? எல்லாத்துக்கும் குடுத்துட்டேனே!"

அவள் பதறிக்கொண்டு கஸ்தூரி வீட்டுக் குளியலறைக்கு ஓடினாள். மற்ற மூன்று பேரும் பின்னால் ஓடினார்கள். உள்ளே கோழிகள் வாயை மூடிக்கொண்டு நின்றன. ஒன்று துணி சோப்பைக் கொத்திக்கொண்டிருந்தது. இன்னொன்று வாளியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, யார் இவர்கள் என்று பார்த்தது. அந்தப் பழைய முணுமுணுப்பு குளியலறைக்குள் எதிரொலித்துக்கொண்டு இருந்தது.

"ஒண்ணுமில்லட்டி," என்றார் ஜேசுராஜ், குரலைத் தணித்து. "டாக்டர் அறுத்துப் பாத்துட்டாரு. தொத்து நோய் கிடையாது. வெறும் வெயிலு. ஷீட்டுக்குக் கீழ அத்தனையும் அடைஞ்சு கெடந்து வெந்திருக்கு. பெருசுங்கதான் மொதல்ல சாயுமாம். பிரிச்சு விட்டு, குளிந்த தண்ணி நெறையக் காட்டுன்னாரு. மத்ததத் தாராளமா சமைச்சுச் சாப்பிடலாம்னும் சொன்னாரு."

"அப்ப நாங்க பண்ணது?"

"பிரிச்சும் விட்டுட்டிய, தண்ணியும் குடுத்துட்டிய. மல்லி மட்டும் நீங்களாப் போட்டது."

"தனியா," என்றாள் கஸ்தூரி.

அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது. செலின் குளியலறைப் படியில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் பாஸ்கல் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். "அண்ணன் வர்றாரு, அண்ணனூர்லதான் எறங்கணும்" என்று உத்தமன் அடம்பிடித்து, ஸ்டேஷனுக்கே போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தான். பாஸ்கல் வாசற்படி ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்தார். விசிறியைக் கேட்டு வாங்கி ஓயாமல் வீசிக்கொண்டார். ஆனால் பெரிய மனுஷர்களின் தந்திரம் பெரியது. காலையில் "ரயில்ல தின்னது செரிக்கல" என்றார். மத்தியானம் பங்களா மாதிரி இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் விருந்து என்று அம்பத்தூர் போனார். ராத்திரி இளநீரோடு நிறுத்திக்கொண்டார். அவர் மனைவியும் பிள்ளைகளும் செலின் கையால் நன்றாகச் சாப்பிட்டார்கள். அவர் மட்டும் இன்னும் கை நனைக்கவில்லை.

அன்று முழுக்க செலின் வாயில் 'கீது' வரவேயில்லை. "மாமா, தண்ணீர் வேண்டுமா? மாமா, வெயில் அதிகமாக இருக்கிறதா?" என்று ரேடியோச் செய்தி வாசிக்கிற மாதிரி பேசினாள். கஸ்தூரி சுவருக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜேசுராஜ் கடைக்குப் போய்ப் புதிதாக அரைக் கிலோ வாங்கிவந்தார். கடைக்காரரிடம் மல்லி என்றா கேட்டார், தனியா என்றா கேட்டார் என்று செலின் விசாரிக்கவில்லை. கொட்டகை மேல் ஈரக் கோணி போட்டாயிற்று. கோழிகள் பிரித்து விட்டபடியே இருந்தன. ஒன்றும் சாயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே உத்தமன் கத்தியைத் தீட்டினான். பாலாடையில் புகட்டின கோழிகளை எடுத்துக் கொடுக்கையில் செலின் ஒவ்வொன்றின் தலையையும் தடவினாள். அதற்காகக் கொடுக்காமல் இருக்கவில்லை. பூசையில் ஹில்டா வெள்ளை கவுனும் முக்காடுமாக, நாக்கை நீட்டி நன்மை வாங்கினபோது பாஸ்கல் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

வாசலில் பந்தல். பாயைப் போட்டு வரிசையாக இலை. பாக்டரிக்காரர்கள், வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மச்சாண்டாருக்கு, அதாவது பாஸ்கலுக்கு, மட்டும் மரியாதைக் குறைவு வந்துவிடக் கூடாது என்று, செலின் உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே மேஜை விரிப்புப் போட்டு ஒரு இலை வைத்திருந்தாள்.

"மாமா, உள்ளே வாருங்கள். உங்களுக்குத் தனியா போட்டிருக்கிறேன்."

பாஸ்கல் வரிசையைப் பார்த்தார். ஹில்டா முக்காட்டோடு நடுவில் உட்கார்ந்து பக்கத்து இலையைக் கையால் தட்டிக்காட்டினாள்.

"எனக்கு எதுக்கும்மா தனியா?" என்றார் அவர். "எனக்குத் தனியா எல்லாம் போட வேண்டாம்."

உத்தமன்தான் முதலில். வாயில் இருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. அடுத்தது கஸ்தூரி. அதற்கப்புறம் வரிசையே குலுங்கியது. பாஸ்கலிடம் சொல்ல மாட்டேன் என்று மட்டும்தானே கஸ்தூரி சொல்லியிருந்தாள். குவார்ட்டர்ஸ் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. ஜேசுராஜ்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றார்.

பாஸ்கலின் முகம் இறுகியது. பத்து வருஷத்துக்கு முன்னால் செலின் "காபி எங்க கீது" என்றபோது சுளித்த அதே முகம். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மனிதர் இப்போது கிளம்பிவிடுவார் என்று செலினுக்குப் புரிந்துபோயிற்று. காரணத்தைச் சொல்லாவிட்டால் போய்விடுவார். சொன்னால், சாப்பிட உட்காரும் நேரத்தில் கோழிக்குச் சீக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். எது வந்தாலும் வரட்டும் என்று கரண்டியோடு அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உங்களப் பாத்து சிரிக்கல மாமா! எங்களப் பாத்துதான் சிரிக்குதுங்க. கோழி எல்லாம் வாயப் பொளந்துகினு நின்னுச்சு. ரெண்டு செத்துக்கூட போச்சு. மறைக்கணும்னுதான் இருந்தேன், இன்னாத்துக்கு மறைக்கணும்? டாக்டரு வெயிலுன்னாரு, சீக்கு இல்ல. தனியாப் போட்டுத் தண்ணி குடுன்னு சொல்லியனுப்பினாரு. நா இன்னா பண்ணேன், தனியா, அதான் உங்க ஊர்ல மல்லி, அந்தத் தனியாவ அரைக் கிலோ போட்டு, அண்டா அண்டாவா காய்ச்சி, பாலாடைல புடிச்சு ஊத்தினேன். உங்களுக்குன்னு வளத்த கோழி மாமா. உசிரோட காப்பாத்திக் கொண்டாந்து கொழம்புல போட்டுக் கீறேன். அவ்ளோதான் கீது விசயம்."

சொல்லி முடித்தபிறகுதான் எத்தனை 'கீது' போயிற்று என்று உறைத்தது. பாஸ்கல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகி மீசையில் இறங்கியது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"பாலாடைல ஊத்துனியாக்கும்?"

"ஆமா மாமா."

"கோழிக்கு?"

"ஆமா."

"நேத்துக் காலைலருந்து நானும் இந்த வெயில்ல வாயப் பொளந்துக்கிட்டுத்தான கெடக்கேன்," என்றார் பாஸ்கல். "எனக்கு ஒருத்தரும் தனியா போடலையே!"

பந்தல் கம்பு ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அதில் பெரிய சத்தம் பாஸ்கலுடையது. சிரித்துக்கொண்டே ஹில்டாவுக்கும் உத்தமனுக்கும் நடுவில் இருந்த இடத்தில், மூச்சு வாங்க, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டம்ளரைச் சாய்த்து வலது கையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். இலையில் தெளித்துத் துடைத்தார். விரலெல்லாம் நனைந்திருந்தது.

செலின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மே கரண்டியோட நின்னுகினு கீற?" என்று கத்தினாள் கஸ்தூரி. "சோறு ஆறிப்போவுது. பெரியவருக்குக் கொழம்ப ஊத்து!"